பிளம்பர் மூடிய புகார்

என் மனைவியை அவளுடைய அலுவலகத்தில் பிளம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் தடவை போனில் யாரோ "பிளம்பர் இருக்காங்களா?" என்று கேட்டபோது, ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்தார்கள். மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவை அவளே வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு, "அது நான்தாங்க" என்றாள்.

கணிதக் கணக்குகள் போடுகிற ஒரு பெரிய மென்பொருளில் ஒழுகலை அடைப்பது அவள் வேலை. ஒழுகுவது தண்ணீர் இல்லை, கம்ப்யூட்டரின் நினைவகம். நிரல் ஓடும்போது இடம் கேட்டு வாங்கிக்கொண்டே இருக்கும்; வேலை முடிந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்காது. இரண்டு நாள் ஓட வேண்டிய கணக்கு ஒன்றரை நாளில் மூச்சு முட்டி விழுந்துவிடும். "உங்க தங்கச்சி நம்ம வீட்லேர்ந்து எடுத்துட்டுப் போற டப்பா மாதிரி. ஒவ்வொண்ணா போயிட்டே இருக்கும், ஒண்ணும் திரும்பி வராது" என்று எனக்கு விளக்கினாள். என் தங்கையை இழுக்காமல் அவளுக்கு எதையும் விளக்க வராது.

நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கும் கணிதத்துக்கும் எட்டாம் வகுப்போடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அவள் முதுகலைக் கணிதத்தில் முதலாவதாக வந்தவள். அவளுடைய அப்பா ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, முந்நூறு பத்திரிகையையும் உட்கார்ந்து கையால் திருத்தினார். மகளுக்கும் அதே ரத்தம். மேலே படித்து ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டாள். நான் வந்தேன், பிறகு எங்கள் மகள் வந்தாள், ஆசை ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. "கணக்கு போடறவங்களுக்கு எடுபிடியாவாவது இருக்கலாம்னுதான் இந்த வேலைக்குப் போனேன்" என்று ஒரு தடவை சொன்னாள். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அலுவலகமே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடக் காரணமான அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணிதத்தில் எண்களம் என்று ஒன்று உண்டாம். எண்கள் தங்களுக்குள் கூட்டிப் பெருக்கி வகுத்துக்கொண்டு வாழ்கிற ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அவ்வளவுதான் புரிந்தது. ஒருவர் ஒரு களத்தைக் கேட்டால் மென்பொருள் அதை உருவாக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு பதிவேட்டிலும் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதையே கேட்டால் பழையதையே எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரே களம் இரண்டாக இருந்தால் கணக்கு குழம்பிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பதிவேடு பிடித்ததை விடாது. லட்சம் களம் கேட்டால் லட்சமும் உள்ளேயே கிடக்கும்.

அவள் அந்தப் பிடியைத் தளர்த்தினாள். அதற்கு வீக் ரெஃபரன்ஸ் என்று பெயர். பதிவேடு இனிமேல் களத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருக்காது. அது எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கும். வேறு யாருக்காவது அந்தக் களம் தேவைப்படுகிற வரைக்கும் அது இருக்கும். யாருக்கும் வேண்டாம் என்று ஆனதும் தானாகப் போய்விடும். சொல்ல ஒரு நிமிடம் ஆகிறது, செய்ய நான்கு மாதம் ஆனது. மலை மாதிரி ஏறிக்கொண்டே போன நினைவகக் கோடு தரையோடு படுத்துவிட்டது. கண்ணாடியில் ஒரு குழாய்ப் படம் செதுக்கிய கேடயம் கொடுத்தார்கள். அதை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டியது நான்தான்.

கோளாறும் அதே வேலையில்தான் இருந்தது. அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன், மூடி வைத்துக் கதை சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஒவ்வொரு களத்துக்கும் ஓர் எண் உண்டு. அதைக் கண்டுபிடிக்க நேரமாகும். ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் மென்பொருள் அதை இரண்டாவது பதிவேடு ஒன்றில் குறித்துக்கொள்ளும். எது எந்தக் களத்தின் விடை என்று அடையாளம் தெரிய வேண்டுமே. அதற்கு, நினைவகத்தில் அந்தக் களம் இருக்கிற இடத்தின் எண்ணைப் போட்டு வைத்தாள், வீட்டு எண் போல. களம் காலி செய்துகொண்டு போனால் அந்த வரியைக் கிழித்துவிட வேண்டும். கிழிக்கவும் வழி செய்திருந்தாள். ஆனால் மென்பொருளை மூடும்போதெல்லாம் அந்த வழி சிவப்பு எழுத்தில் நான்கு வரி புலம்பியது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று, 'இங்கே ஏதாவது தவறினால் கண்டுகொள்ளாதே' என்று ஒரு கட்டளை சேர்த்தாள். அந்தக் கட்டளை புலம்பலை நிறுத்தியது. ஆயிரத்தில் ஒரு தடவை கிழிக்கிற வேலையையும் சேர்த்து நிறுத்தியது. பழைய வீட்டு எண்ணுக்குப் புதுக் களம் குடிவரும். மென்பொருள் போனவருடைய விடையை வந்தவர் கையில் கொடுத்துவிடும். சிவப்பு எழுத்து எதுவும் வராது. விடை மட்டும் தப்பாக இருக்கும்.

கேடயம் வந்த நான்காம் மாதம் அந்தப் புகார் வந்தது. எழுதியவர் ஒரு பள்ளிக்கூடக் கணித வாத்தியார். பெரிய இடம் எதிலும் இல்லாதவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து தன் சொந்த ஆர்வத்தில் எண்களங்களோடு மல்லுக்கு நிற்கிறவர். நான்கு பக்கம் எழுதியிருந்தார். முதல் இரண்டு பக்கம் முழுக்க மரியாதை. மூன்றாம் பக்கத்தில் பதினொரு களங்களின் பட்டியல், தப்பாக வந்த விடைகளோடு. 'என் தவறாகவும் இருக்கலாம்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தார்.

அன்று ஆறு மணிக்கு எங்கள் மகளின் பள்ளியில் நாடகம். மகளுக்கு மரம் வேஷம். நான் ஐந்தேகாலுக்கே வண்டியோடு அலுவலக வாசலில் நின்று மூன்று தடவை போன் அடித்தேன்.

"ஒரு புகார் பாத்துக்கிட்டிருக்கேன். பத்து நிமிஷம். மரம் எங்கயும் ஓடிடாதுங்க."

"மரம் ஓடாது. முன்வரிசை சீட்டு ஓடிடும். மூடிட்டு வாம்மா, திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

அவள் அந்தப் பதினொரு களங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பதினொன்றுக்கும் சரியான விடைதான் வந்தது. வராமல் என்ன செய்யும்? ஒவ்வொன்றாகத் தட்டும்போது, திரையில் வந்ததையெல்லாம் அந்த மென்பொருளே ஞாபகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்தக் களமும் காலி செய்துகொண்டு போகாது, எந்த வீட்டுக்கும் புதுக்குடி வராது. ஒழுகலைத் தேடும்போது திரையில் தட்டிப் பார்க்காதே, முழு நிரலாக ஓட்டு என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பதே அவள்தான். பத்தாயிரம் களங்களை ஒரே மூச்சில் ஓட்டினால்தான் கோளாறு வருகிறது என்று வாத்தியார் நான்காம் பக்கத்தில் எழுதியிருந்தார். அவள் நான்காம் பக்கத்தைப் படிக்கவில்லை.

'இங்கே வரவில்லை. உங்கள் நிரலைச் சரிபார்க்கவும்.' இப்படி எழுதி மூடிவிட்டு வந்தாள். வண்டியில் உட்கார்ந்ததும், "இப்ப போங்க" என்று என் முதுகில் தட்டினாள். முன்வரிசை கிடைத்தது. மூடிய புகாருக்கு வருகிற பதில்கள் வேறு ஒரு மூலைக்குப் போய்விடுமாம். திங்கட்கிழமை அந்த மூலையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் போனது. ஒரு மத்தியானம், எனக்கு ஷிப்ட் இல்லாத நாள், மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஈயாடவில்லை. யாருக்கு என்ன ஆயிற்று என்று நான் பதறினேன்.

"லிஃப்ட்ல கோளாறுனு கூப்பிடறாங்க. நீங்க போய் ஏறினா நல்லா ஓடுது. என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"என்ன பண்றது? ரெண்டு தடவை மேல கீழ போயிட்டு, 'சோதித்தேன், கோளாறு இல்லை'னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுவேன்."

"அதுக்கப்புறம் யாராவது உள்ள மாட்டிக்கிட்டா?"

வாயை விட்டு மாட்டிக்கொண்டது நான்தான். என் பையில் இருக்கிற புத்தகத்தில் அந்த வாக்கியம் எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

மென்பொருளின் வேகத்தைச் சோதிக்க அன்று காலையில் பத்தாயிரம் களங்களை ஒரே ஓட்டமாக ஓட்டியிருக்கிறாள். பதிவேட்டில் அவள் கைவைப்பதற்கு முன்னால் எடுத்த பழைய அச்சுத்தாளோடு ஒப்பிட்டால் ஒன்பது இடத்தில் விடை ஒத்துப்போகவில்லை; எத்தனை தப்பும் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுமாம். ஒத்துப்போகாதவற்றைத் தனியாகக் கேட்டால் சரியாக வருகிறது. தனியாக, சேர்த்து என்றதும் அவளுக்கு அந்த வாத்தியார் ஞாபகம் வந்திருக்கிறது. மூலையில் கிடந்த வாத்தியாரின் புகாரைத் திறந்து, படிக்காமல் விட்ட நான்காம் பக்கத்தைப் படித்தாள். அதை அலைபேசியில் கொண்டுவந்திருந்தாள். என்னிடம் வாசித்துக் காட்டினாள்.

வாத்தியார் ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறார். பத்தாயிரம் களங்களுக்கு அது பொருந்துகிறதா என்று பார்த்ததில் பதினொன்று மட்டும் பொருந்தவில்லை. அந்தப் பதினொன்றையும் விதிவிலக்குகள் என்று காட்டி, கணித அறிஞர்கள் கூடிய ஓர் அரங்கில் பேசியிருக்கிறார். அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் மேடை. முன்வரிசையில் இருந்த ஒருவர் வேறு மென்பொருளில் அங்கேயே ஒன்றைப் போட்டுப் பார்த்து, இது விதிவிலக்கே இல்லையே, விடையே தப்பு என்றிருக்கிறார். நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் விளக்கம் கொடுங்கள், இல்லாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்று கூட்டத்தை நடத்தியவர் சொல்லிவிட்டார். 'பிழை மென்பொருளில் இருந்தால், இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதித் தந்தால் போதும்' என்று நான்காம் பக்கம் முடிந்தது.

அதற்குக் கீழே, புகார் மூடப்பட்டு மூன்று வாரம் கழித்து அவர் எழுதிய கடைசிப் பதில் இருந்தது. 'தட்டச்சு செய்யும்போது நான் கவனக்குறைவாக இருந்திருக்கிறேன். அப்படியே எழுதிக் கொடுத்துக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். தங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும்.'

"என்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்காருங்க" என்றாள். "என்கிட்ட."

"நான்தானே உன்ன அவசரப்படுத்தினேன்" என்றேன்.

"நீங்க போன் அடிச்சீங்க. மூடினது நான்."

கோளாறை மறுநாளே சரிசெய்துவிட்டாள். மூன்று வரிதான். விடையை வீட்டு எண்ணில் எழுதி வைக்காமல் அந்தக் களத்தின் மேலேயே எழுதி வைத்தாள். களம் போனால் விடையும் கூடவே போய்விடும். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்க நாக்கு துடித்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.

அடுத்தது மேனேஜர். நல்ல மனிதர்தான், பூசி மெழுகுவதில் மட்டும் கைதேர்ந்தவர். "ஊரெல்லாம் தண்டோரா போட்டா, இதுவரைக்கும் கணக்கு போட்ட அத்தனை பேரும் பயந்துடுவாங்கம்மா. புதுப் பதிப்போட குறிப்புல ஒரு வரி போட்டுடுங்க" என்று அவரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார். 'நினைவகக் கையாளுதலில் சிறு மேம்பாடு.' அவள் தலையாட்டிவிட்டாள். இதை என்னிடம் சொல்லவே நான்கு நாள் ஆனது. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். பொய் சொல்லிவிட்டு வந்த குழந்தை மாதிரி இருந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யார் மேல் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்தப் பொய்யில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. வாத்தியார் எங்கேயோ முகம் தெரியாமல் இருக்கிறார், இப்படியே விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் நானும் நினைத்தேன்.

இரண்டு வாரம் வீட்டில் சிரிப்பில்லை. பிளம்பர் என்று கேட்டு வந்த போனையெல்லாம் எடுக்காமல் அடிக்கவிட்டாள். கேடயத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். நான் திருப்பினேன், அவள் மறுபடி திருப்பினாள்.

"இப்ப என்ன, யாராவது செத்தா போயிட்டாங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"நான் பாக்கணும்னு ஆசைப்பட்ட கணக்கை அவரு பாத்துக்கிட்டு இருந்தாருங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்து, ராத்திரி பகலா, யாரும் கேக்காம. அதைப் போய் நான் பிடுங்கிட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தப் புகாரைத் திறந்து, யார் வேண்டுமானாலும் படிக்கிற இடத்தில் எழுதினாள். முதலில் 'பிழை நேர்ந்துவிட்டது' என்று எழுதினாள். அழித்துவிட்டு, 'பிழை செய்தது நான். புகாரை முழுதாகப் படிக்காமல் மூடியதும் நான்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். பிறகு, சரியான விடைகளோடு ஓட்டி எடுத்த பத்தாயிரம் வரிகளையும் ஒரு தடித்த கட்டாகக் கட்டிக்கொண்டு, "வண்டியை எடுங்க" என்றாள்.

"மேனேஜர்?"

"திங்கக்கிழமை கத்துவாரு. கத்தட்டும்."

வாத்தியார் வேலை பார்க்கிற பள்ளியின் பெயர் புகாரில் இருந்தது. அங்கே காவலாளியிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தோம். நான்காவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. எங்கள் கம்பெனி லிஃப்ட் இல்லை, அந்த மட்டும் நிம்மதி. வாத்தியாரின் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே சாப்பாட்டு மேசை முழுக்க விடைத்தாள்கள். சிவப்பு மை பேனாவோடு எழுந்து வந்த வாத்தியார் மெலிந்த ஆள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். எங்களைப் பார்த்து, "எந்த வகுப்புப் பையனோட அப்பா அம்மா?" என்று கேட்டார்.

அவள் யார் என்று சொன்னாள். அவர் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன். இல்லை, கூசினார். "அன்னைக்கு உங்க நேரத்தை ரொம்ப எடுத்துக்கிட்டேன்" என்று ஆரம்பித்தார்.

"சார், தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க" என்றாள். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டு எண்ணை, கண்டுகொள்ளாதே என்று எழுதிய வரியை, படிக்காமல் விட்ட பக்கத்தை. மரத்தையும் என் போனையும் மட்டும் சொல்லவில்லை. நானாவது அங்கே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"அப்போ அந்தப் பதினொண்ணும்..." என்றார் வாத்தியார்.

"பதினொண்ணும் எங்க தப்பு சார். எங்கனு என்ன, என் தப்பு. உங்க விதி பத்தாயிரத்துக்கும் பொருந்துது. ஒரு விதிவிலக்குகூட இல்ல. கூட்டம் நடத்தினவருக்கும் நானே எழுதிடறேன்."

அவர் கட்டைப் பிரித்து, அந்தப் பதினொரு இடத்தையும் தேடி எடுத்தார். பக்கம் எது என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை, மனப்பாடமாக இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டை மூடினார்.

"தட்டச்சுப் பிழைனு எழுதிக் குடுத்தேன். நான் எங்கம்மா தட்டச்சு பண்ணினேன்? பத்தாயிரம் வரியையும் உங்க மென்பொருள்தான் எழுதுச்சு. அதுல தப்பு இல்லைனு நீங்க சொல்லிட்டீங்க. அப்புறம் மிச்சம் இருக்கிறது நான் ஒருத்தன்தானே" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. வகுப்பில் கணக்கை விளக்குகிற மாதிரிதான் சொன்னார்.

என் மனைவி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

வாத்தியாரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்தியார்தான் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள், வழி சிரமமாக இருந்ததா என்றெல்லாம் விசாரித்தார். இவ்வளவு தூரம் வந்து சொன்னதற்கு நன்றி என்றார். எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். வாசல் வரை வந்தவரை நாங்கள்தான் போதும் என்று திருப்பி அனுப்பினோம்.

நாங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். அவர் மேசைக்குத் திரும்பி, பாதியில் விட்ட விடைத்தாளை எடுத்து மதிப்பெண்களைக் கூட்டினார். ஓரத்தில் எழுதப் போனவர், எழுதாமல் தாளை மனைவியிடம் நீட்டினார்.

"எனக்கு எழுபத்தொண்ணு வருது. நீ கூட்டிப் பாரு."

அந்த அம்மா அப்போதுதான் என் மனைவியை நேராகப் பார்த்தார். "எட்டு மாசமா இப்படித்தான். நான் ஒரு தடவை கூட்டிச் சொல்லாம ஒரு தாளையும் கீழ வைக்க மாட்டாரு" என்றார். பிறகு தாளை வாங்கி, உதட்டை அசைத்துக் கூட்டினார்.

"எழுபத்தொண்ணுதாங்க."

வாத்தியார் பேனாவை மூடாமல் யோசித்தார்.

"இன்னொரு தடவை பாத்துடு" என்றார்.